பகிர்ந்த ஃபோல்டரை எத்தனை வினாடிக்கு ஒருமுறை பார்ப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றி, குறிப்பாக சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில், சின்ன அலுவலகங்களுக்கு நெட்வொர்க் அமைத்துக் கொடுப்பது என் தொழில். கோயில் அலுவலகம், அச்சகம், கணக்கர் அலுவலகம், கல்யாண ஸ்டூடியோ என்று எங்கே போனாலும் ஏற்பாடு ஏறக்குறைய ஒன்றுதான். மூலையில் ஒரு நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் எல்லோருக்கும் பொதுவான டிஸ்க்), அதில் ஒரு பகிர்ந்த ஃபோல்டர், அந்த ஃபோல்டரை ஓயாமல் எட்டிப் பார்க்கும் ஏதோ ஒரு நிரல். அதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

போலிங் இடைவெளி என்றால் என்ன?

ஒரு நிரல் பகிர்ந்த ஃபோல்டரை அவ்வப்போது திறந்து, புதிதாக ஏதாவது வந்ததா, இருந்தது மாறியதா என்று பார்க்கிறது. இதுதான் போலிங். ஒருமுறை பார்த்தபின் அடுத்த முறை பார்க்கும் வரை விடும் நேரம்தான் இடைவெளி.

ஸ்கேனர் போட்ட ரசீதை எடுத்துக் கணக்கில் சேர்க்கும் நிரல், அச்சகத்தில் வந்து விழும் பிடிஎஃப்பை மெஷினுக்கு அனுப்பும் நிரல், காவடி எடுப்பவர்கள் பட்டியலை மண்டபத்துத் திரையில் காட்டும் நிரல், எல்லாம் இந்த வகைதான்.

விளக்கமெல்லாம் அப்புறம். எத்தனை வினாடி வைக்கலாம், ஒரு எண் சொல்லுங்கள்.

30 வினாடி. எதுவும் தெரியாத நிலையில் நான் வைப்பது இதுதான். பெரும்பாலான இடங்களில் அதை மாற்றவே தேவைப்படாது.

சராசரியாக எவ்வளவு தாமதமாகும்?

இடைவெளியில் பாதி. 30 வினாடி வைத்தால் ஒரு ஃபைல் சராசரியாக 15 வினாடி காத்திருக்கும். மிஞ்சினால் 30 வினாடி, அதோடு ஃபோல்டரை ஒருமுறை பார்த்து முடிக்கும் நேரம். "ஒரு நிமிடம் ரொம்ப அதிகம்" என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அந்த ஃபைலுக்காக அங்கே யாராவது நின்றுகொண்டு காத்திருக்கிறார்களா? ரசீது வாங்க வரிசையில் நிற்கிறார்கள் என்றால் 5 அல்லது 10 வினாடி வைப்பதில் நியாயம் உண்டு. மாலையில் கணக்கர் உட்கார்ந்து பார்க்கப்போகிற ஃபைல் என்றால் 10 நிமிடமும் ஒன்றுதான், 10 வினாடியும் ஒன்றுதான்.

எங்கள் நெட்வொர்க் கிகாபிட். ஒரு வினாடிக்கு ஒருமுறை பார்த்தால் என்ன கெட்டுப்போகும்?

கிகாபிட் என்பது எவ்வளவு தரவு ஓடும் என்பதைச் சொல்கிறது. போலிங்கில் தரவு கொஞ்சம்தான். நேரத்தைத் தின்பது கேள்வி-பதில் போக்குவரத்து. கேபிளில் ஒரு கேள்வி போய்ப் பதில் வர அரை மில்லிசெகண்ட் (மில்லிசெகண்ட் என்பது வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆகிறது என்று வையுங்கள். ஃபோல்டரில் 10,000 ஃபைல் இருந்து, நிரல் ஒவ்வொன்றையும் தனித்தனியே "நீ மாறினாயா?" என்று கேட்டால் ஒரு சுற்றுக்கே, அதாவது ஃபோல்டரை ஒருமுறை முழுசாகப் பார்க்கவே, 5 வினாடி போய்விடும். அதே கணினி வைஃபையில் இருந்து, ஒரு கேள்விக்கு 5 மில்லிசெகண்ட் ஆனால் 50 வினாடி. ஒரு வினாடி இடைவெளி என்று எழுதி வைத்தாலும் அது நடக்கவே போவதில்லை.

எல்லா நிரலும் இப்படிக் கேட்பதில்லை. விண்டோஸில் எஸ்எம்பி (நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் முறை) வழியாக ஃபோல்டர் பட்டியலைக் கேட்டால் பெயர், அளவு, மாற்றிய நேரம் எல்லாம் பல ஃபைல்களுக்குச் சேர்த்து ஒரே பதிலில் வரும். அப்படிப் பட்டியலை மட்டும் வாங்கும் நிரல் நல்ல நிரல். பட்டியலையும் வாங்கி, பிறகு ஒவ்வொரு ஃபைலையும் தனியாகக் கேட்கும் நிரல்களும் உண்டு, துரதிர்ஷ்டவசமாக நிறைய. விற்பனையாளர் சொல்வதை நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள்.

அப்புறம், பார்ப்பது ஒரு கணினி மட்டும் இல்லை. பன்னிரண்டு கணினியிலும் அதே நிரல் ஒரு வினாடிக்கு ஒருமுறை ஓடினால் அந்தச் சின்ன நாஸ் பெட்டி பட்டியல் கொடுக்கும் வேலையை மட்டும்தான் செய்யும். கூழ் வெந்ததா என்று ஆளுக்கு ஆள் மூடியைத் திறந்து பார்த்தால் வேகிற கூழும் வேகாது.

சுற்று நேரத்தை எப்படி அளப்பது? அதற்கும் இடைவெளிக்கும் என்ன கணக்கு?

நிரலின் பதிவில் ஒவ்வொரு சுற்றும் தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் அதே கணினியில் அந்த ஃபோல்டரை உள்ஃபோல்டர்களோடு பட்டியலிட எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். உண்மையில் வேலை செய்யப்போகும் கணினியிலேயே, அது வைஃபை என்றால் வைஃபையிலேயே, எல்லோரும் வேலை செய்யும் நேரத்தில் அளக்க வேண்டும். இரண்டாவது முறை அளந்தால் வேகமாக வரும். அது நினைவகத்தில் இருந்ததால் வந்த வேகம். முதல் முறை வந்ததைக் கணக்கில் வையுங்கள்.

என் வழக்கம், இடைவெளி சுற்று நேரத்தைப் போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும். சுற்றுக்கு 3 வினாடி என்றால் இடைவெளி 30. கடிகாரத்தைச் சுற்றின் தொடக்கத்திலிருந்து ஓடவிடாமல், சுற்று முடிந்த பிறகு ஓடவிடுவது முக்கியம். இல்லாவிட்டால் நெட்வொர்க் மந்தமான நாளில் ஒரு சுற்று முடிவதற்குள் அடுத்தது கிளம்பி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.

2 வினாடி வைத்திருக்கிறேன். ஆனாலும் ஃபைல் 10 வினாடி கழித்துத்தான் தெரிகிறது. நிரலில் கோளாறா?

அநேகமாக இல்லை. உங்கள் கணினியே பழைய பட்டியலைக் காட்டிக்கொண்டிருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

விண்டோஸின் எஸ்எம்பி கிளையன்ட் (உங்கள் கணினியில் கேட்கும் பக்கம்), சர்வர் (இங்கே நாஸ்) சொன்ன பட்டியலைக் கொஞ்ச நேரம் கேஷில், அதாவது தற்காலிக நினைவில், வைத்துக்கொள்ளும். இயல்பான அமைப்பில் ஃபோல்டர் பட்டியலுக்கு 10 வினாடி, ஃபைல் விவரத்துக்கு 10 வினாடி, "அப்படி ஒரு ஃபைல் இல்லை" என்ற பதிலுக்கு 5 வினாடி. கடைசியில் சொன்னதைக் கவனியுங்கள். ஒரு குறிப்பிட்ட பெயரில் ஃபைல் வருகிறதா என்று காத்திருக்கும் நிரல், வரும் முன்பே கேட்டுவிட்டால் "இல்லை" என்ற பதில் 5 வினாடி வரை உயிரோடு இருக்கும். அந்த 5 வினாடியில் எத்தனை முறை கேட்டாலும் அதே பதில் வரலாம்.

லினக்ஸில் பகிர்ந்த ஃபோல்டரை என்எஃப்எஸ் (இன்னொரு பகிர்வு முறை) வழியாக ஏற்றியிருந்தால், அதாவது கணினியோடு இணைத்திருந்தால், இன்னும் அதிகமாகலாம். ஃபைல் விவரத்துக்கு 3 முதல் 60 வினாடி, ஃபோல்டர் விவரத்துக்கு 30 முதல் 60 வினாடி என்பது இயல்பான அளவு. நெடுநேரம் மாறாமல் இருக்கும் ஃபைலுக்கு அது மேல் எல்லையை நோக்கி நகரும். லினக்ஸிலேயே எஸ்எம்பி வழியாக ஏற்றினால் 1 வினாடிதான்.

ஆக, கேஷ் 10 வினாடி என்றால் அதற்குக் கீழே இடைவெளி வைப்பதில் சுமை கூடுமே ஒழிய, பெரும்பாலும் செய்தி முன்னதாக வராது.

அந்தக் கேஷை நிறுத்திவிட்டால்?

முடியும். விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் அந்த மூன்று அளவுகளையும் பூஜ்யமாக்கலாம். என்எஃப்எஸ்ஸில் ஏற்றும்போதே அணைக்கலாம். நான் செய்வதில்லை. அந்த ஒரு நிரலுக்காக அந்தக் கணினியில் பகிர்ந்த ஃபோல்டரைத் திறக்கும் எல்லாமே மெதுவாகிவிடும். பத்து வினாடி உண்மையிலேயே பிரச்சினை என்றால், ஃபைல் வழியாகச் செய்தி அனுப்புவதே அந்த வேலைக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம்.

போலிங்கே வேண்டாம், மாற்றம் நடந்ததும் சர்வரே சொல்லட்டும் என்று வைக்க முடியாதா?

விண்டோஸில் முடியும். எஸ்எம்பியில் அதற்கென்று ஒரு வசதி இருக்கிறது. கிளையன்ட் "இந்த ஃபோல்டரில் ஏதாவது நடந்தால் சொல்" என்று கேட்டு வைக்கும், நடந்ததும் சர்வர் பதில் அனுப்பும். எக்ஸ்ப்ளோரரில் திறந்து வைத்த ஃபோல்டரில் பக்கத்து மேசைக்காரர் போட்ட ஃபைல் தானாகத் தோன்றுவது இப்படித்தான். நாஸ் பெட்டிகளில் பெரும்பாலும் ஓடுவது சாம்பா என்ற எஸ்எம்பி சர்வர் நிரல். அதுவும் இதைச் செய்யும்.

ஆனால் இதை மட்டும் நம்பக் கூடாது. முதலாவது, செய்தி வைக்கும் இடம் சிறியது. நெட்வொர்க் ஃபோல்டருக்கு 64 கேபிக்கு மேல் கேட்கவே முடியாது. ஸ்டூடியோக்காரர் ஒரு கல்யாணத்தின் படங்கள் அத்தனையையும் ஒரே இழுப்பில் கொட்டினால் அது நிரம்பி வழியும். அப்போது "நிறைய நடந்துவிட்டது, நீயே போய்ப் பார்த்துக்கொள்" என்று மட்டும்தான் வரும். இந்தப் பதிலைக் கண்டுகொள்ளாத நிரல்களில்தான் நூறு படத்தில் எழுபது மட்டும் வந்து சேரும். இரண்டாவது, தொடர்பு ஒருமுறை அறுந்தால் கேட்டு வைத்ததும் போய்விடும். சில நிரல்களுக்கு அது தெரியவே தெரியாது. பதிவில் பிழை ஏதும் இல்லாமல் சும்மா இருக்கும்.

லினக்ஸ் கணினியில் நிலைமை வேறு. அங்கே இருக்கும் ஐநோட்டிஃபை என்ற அறிவிப்பு வசதி, அந்தக் கணினி வழியாக நடக்கும் மாற்றங்களை மட்டும்தான் பார்க்கும். ஏற்றி வைத்த நெட்வொர்க் ஃபோல்டரில் வேறொருவர் செய்த மாற்றம் அதன் கண்ணில் படாது. அதனால்தான் லினக்ஸில் ஓடும் பல கருவிகளில், நெட்வொர்க் ஃபோல்டர் என்றால் போலிங்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று தனியாக ஒரு அமைப்பு கொடுத்திருப்பார்கள்.

நல்ல ஏற்பாடு இரண்டையும் சேர்ப்பது. அறிவிப்பு வந்தால் உடனே போய்ப் பார், வராவிட்டாலும் இத்தனை நேரத்துக்கு ஒருமுறை முழுசாகப் பார். ஃபோல்டர்களை ஒத்திசைக்கும் சிங்க்திங் நிரல் இதைத்தான் செய்கிறது. அறிவிப்பு வந்தால் இயல்பாக 10 வினாடி பொறுத்து மாற்றங்களைச் சேர்த்து எடுக்கும், அதோடு ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை முழுச் சோதனையும் போடும். அறிவிப்பு வேலை செய்யும் இடத்தில் முழுச் சுற்றை 5 நிமிடமோ அதற்கு மேலோ வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம்.

இடைவெளியைக் குறைத்ததிலிருந்து பாதி ஃபைல்தான் வருகிறது. ஏன்?

எழுதி முடிக்கும் முன்பே எடுத்துவிடுகிறது. இடைவெளி நீளமாக இருந்தபோதும் இந்தக் கோளாறு இருந்திருக்கும், எப்போதாவது மட்டும் தலைகாட்டியிருக்கும்.

எழுதுகிற பக்கம் உங்கள் கையில் இருந்தால் தீர்வு எளிது. தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்ததும் அதே ஃபோல்டரிலேயே பெயரை மாற்றுங்கள். பெயர் மாற்றம் ஒரே அடியில் நடக்கும். எடுக்கும் நிரல் இறுதிப் பெயரை மட்டும் தேடட்டும்.

ஸ்கேனர், போட்டோகாப்பியர் போன்றவை பெயரை மாற்றித் தராது. பல பக்க ரசீதுப் புத்தகத்தை ஸ்கேன் செய்தால் ஃபைல் பக்கம் பக்கமாக வளரும். அங்கே பலரும் செய்வது, இரண்டு சுற்றில் அளவு ஒன்றாக இருந்தால் எடு என்பது. பாதி இடங்களில் இது போதும். ஆனால் விண்டோஸ் சர்வரில், எழுதுகிறவர் ஃபைலை மூடும் வரை பட்டியலில் தெரியும் அளவு பழையதாகவே இருக்கலாம். இரண்டு சுற்றிலும் ஒரே அளவு, உள்ளே எழுத்து ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே அளவு நிலைத்ததும், ஃபைலை வேறு யாரும் தொட முடியாதபடி தனியாகத் திறக்க முயலுங்கள். திறந்தால் எடுங்கள், மறுத்தால் அடுத்த சுற்று. ஃபோல்டரில் வந்து விழுவதைத் தானாக எடுக்கும் பல ஹாட் ஃபோல்டர் நிரல்களில் இதற்கு ஒரு டிக் பெட்டி இருக்கும். தேடிப் பாருங்கள்.

லோட் ஷெடிங் (முறைவைத்து மின்வெட்டு) முடிந்து கரண்ட் வந்ததும் எல்லாம் தாறுமாறாகிவிடுகிறது. இடைவெளிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. 2008 முதல் இந்த நாட்டில் கரண்ட் போய் வருவதைக் கணக்கில் எடுக்காமல் எதையும் அமைக்க முடியாது. 2024 மார்ச் கடைசியிலிருந்து பத்து மாதம் லோட் ஷெடிங் இல்லாமல் இருந்தபோது பலரும் யுபிஎஸ் பேட்டரியை மாற்றாமல் விட்டார்கள். 2025 ஜனவரி கடைசியில் திரும்ப வந்தபோது தெரிந்தது.

கரண்ட் வந்ததும் கணினிகள் முதலில் எழுந்துவிடும், நாஸ் பெட்டி எழ இன்னும் சில நிமிடம் ஆகும். அந்த இடைவேளையில் நிரல் ஃபோல்டரைத் தேடுகிறது, கிடைக்கவில்லை. "தொடர்பு இல்லை" என்று புரிந்துகொள்ளும் நிரலால் ஆபத்தில்லை. "ஃபோல்டர் காலி" என்று புரிந்துகொள்ளும் நிரல்தான் பயங்கரம், குறிப்பாக ஒரு பக்கம் அழிந்தால் மறுபக்கமும் அழிக்கும் வகை. லினக்ஸில் இது சுலபமாக நடக்கும். பகிர்வு ஏற்றப்படாவிட்டாலும் அதை ஏற்றும் இடம் ஒரு காலி ஃபோல்டராக அங்கேயே இருக்கும். எட்டிப் பார்த்தால் ஒன்றுமில்லை, சரி, எல்லாம் அழிக்கப்பட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடும்.

இதற்கு அந்தப் பகிர்வுக்குள் ஒரு அடையாள ஃபைலை வைத்துவிடுங்கள். அது கண்ணில் பட்டால்தான் மற்றவற்றைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தச் சுற்றை விட்டுவிட வேண்டும். சிங்க்திங் ஒவ்வொரு ஃபோல்டரிலும் தானாக ஒரு அடையாள ஃபோல்டரைப் போட்டு வைப்பதும் இதற்காகத்தான். அதை "இது என்ன குப்பை" என்று அழித்துவிடாதீர்கள்.

அடுத்தது, தோல்விக்குப் பின் வரும் இடைவெளி. நாஸ் பதில் சொல்லாதபோது 5 வினாடிக்கு ஒருமுறை கதவைத் தட்ட வேண்டியதில்லை. 30 வினாடி, 1 நிமிடம், 2 நிமிடம் என்று கூட்டிக்கொண்டே போய் 5 நிமிடத்தில் நிறுத்துங்கள். ஒருமுறை பதில் வந்ததும் பழைய இடைவெளிக்குத் திரும்பலாம்.

எல்லாக் கணினியும் ஒரே நொடியில் எழுந்தால் எல்லாம் ஒரே நொடியில் போலிங் செய்யும், அதன்பின் அன்று முழுக்க அதே தாளத்தில். நாஸ் பெட்டி அரை நிமிடம் சும்மா இருந்து, ஒரு வினாடி திணறும். இடைவெளியில் கால் பங்கு அளவுக்கு ஏற்ற இறக்கம் வைத்தால், அதாவது 30 என்றால் 23க்கும் 37க்கும் இடையே ஏதோ ஒன்று, அவை தானாகக் கலைந்துவிடும்.

கரண்ட் போனபோது திறந்திருந்த எக்ஸெல் ஃபைல்களின் பூட்டுகளும் அப்படியே கிடக்கும். ~$ என்று தொடங்கும் ஃபைல்கள் அவை. உங்கள் நிரல் அவற்றைப் புதிய ஃபைல் என்று எடுக்காமல் இருக்க விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

"கடந்த ஒரு நிமிடத்தில் மாறியவை" என்று தேடினால் சில ஃபைல் தப்பிவிடுகிறதே?

மாறிய நேரத்தை எழுதுவது ஒரு கடிகாரம், இப்போது என்ன நேரம் என்று சொல்வது இன்னொரு கடிகாரம். நாஸ் இரண்டு நிமிடம் பின்தங்கியிருந்தால் இப்போதுதான் வந்த ஃபைல் பழைய ஃபைலாகத் தெரியும். நாஸ், கணினி எல்லாவற்றையும் ஒரே நேர சர்வரோடு இணைத்து வைப்பது நல்லது. அதைவிட நல்லது, உள்ளூர் நேரத்தோடு ஒப்பிடாமல் இருப்பது. போன சுற்றில் இந்த ஃபைலின் நேரமும் அளவும் என்ன, இந்தச் சுற்றில் என்ன, வேறுபட்டால் மாற்றம். அவ்வளவுதான்.

ரவுட்டரில் பழைய யுஎஸ்பி டிரைவைச் செருகிப் பகிர்ந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபேட்32 என்ற பழைய டிஸ்க் வடிவமைப்பு மாறிய நேரத்தை 2 வினாடித் துல்லியத்தில்தான் வைக்கும்.

போலிங் செய்வதால் இன்டர்நெட் டேட்டா தீருமா?

தீராது. கட்டடத்துக்குள்ளிருந்து பார்க்கும் வரை எல்லாம் உள்ளேயே நடக்கிறது. பெட்டியில் இருப்பதை கிளவுடுக்கு அனுப்பும் நிரல் தனியாக ஓடினால் அந்தச் செலவு வேறு.

இரவிலும் நாஸ் பெட்டியின் டிஸ்க் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தூங்கவிட முடியாதா?

30 வினாடிக்கு ஒருமுறை எழுப்பினால் யார் தூங்குவார்கள்? இன்வெர்ட்டர் பேட்டரியில் ஓடும் இடங்களில் இது காசு. அலுவலக நேரத்துக்கு ஒரு இடைவெளி, மற்ற நேரத்துக்கு அரை மணியோ ஒரு மணியோ, அல்லது நிறுத்தியே விடுவது. திருவிழாக் காலத்தில் மட்டும் அதை மாற்ற மறக்காதீர்கள். தைப்பூசத்துக்கு முந்தின இரவில் அலுவலகம் பத்து மணிக்கா மூடுகிறது?

விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் போடலாமா, லினக்ஸின் க்ரானில் போடலாமா?

ஒரு நிமிடத்துக்குக் குறையாத வேலை என்றால் தாராளமாகப் போடலாம். இரண்டுக்கும் அதுதான் குறைந்தபட்சம். டாஸ்க் ஷெட்யூலரின் பட்டியலில் 5 நிமிடம்தான் முதலில் தெரியும், அங்கே 1 நிமிடம் என்று தட்டச்சு செய்தால் ஏற்றுக்கொள்ளும். முந்தைய ஓட்டம் முடியாவிட்டால் புதியதைத் தொடங்காதே என்பது அதில் இயல்பாகவே இருக்கிறது. க்ரானில் அப்படி இல்லை, நேரம் வந்தால் கிளப்பிவிடும். பூட்டு ஒன்று நீங்கள்தான் போட வேண்டும்.

காவடிப் பெயர்ப் பட்டியல் எக்ஸெல்லை மூன்று மேசையில் திறந்து எழுதுகிறோம். இடைவெளியைக் குறைத்தால் ஒருவர் எழுதியது மற்றவருக்கு உடனே தெரியுமா?

தெரியாது. இது போலிங் பிரச்சினையே இல்லை, ஒரே ஃபைலில் மூன்று பேர் எழுதும் பிரச்சினை. மேசைக்கு ஒரு ஃபைல் வைத்து, ஒரு நிரல் மூன்றையும் படித்துச் சேர்க்கட்டும். அப்போது போலிங் பொருந்தும், 30 வினாடி போதும். இல்லையென்றால் உலாவியில் திறக்கும் ஒரு படிவம் வைத்துக்கொள்ளுங்கள். எஸ்கியூலைட் என்ற ஒற்றை ஃபைல் தரவுத்தளத்தைப் பகிர்ந்த ஃபோல்டரில் போட்டு எல்லாரும் எழுதலாம் என்று யாராவது தம்பி சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நெட்வொர்க்கில் பூட்டு ஒழுங்காக வேலை செய்யாவிட்டால் தரவு கெடும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் கிளையிலிருந்தும் விபிஎன் (இன்டர்நெட் வழியாகத் தனி இணைப்பு) வழியாக இதே ஃபோல்டரைப் பார்க்கிறோம். அங்கேயும் அதே இடைவெளியா?

இல்லை. கட்டடத்துக்குள் அரை மில்லிசெகண்டில் முடிந்த கேள்வி-பதில் அங்கே பத்து, இருபது மில்லிசெகண்டாக இருந்தாலும் எல்லாம் அந்த மடங்கில் நீளும், மொபைல் இணைப்பு என்றால் இன்னும் மோசம். 10,000 ஃபைல், ஒவ்வொன்றுக்கும் 20 மில்லிசெகண்ட் என்றால் ஒரு சுற்றுக்கே மூன்று நிமிடத்துக்கு மேல். அங்கே ஒரு சின்னப் பெட்டியை வைத்து, இரண்டு பெட்டியும் தங்களுக்குள் ஒத்திசைத்துக்கொள்ளட்டும். அந்தக் கிளைக் கணினிகள் தங்கள் பக்கத்துப் பெட்டியை மட்டும் பார்க்கட்டும், அதே 30 வினாடியில்.

பெட்டி வாங்கப் பணம் இல்லையென்றால், பழையவற்றை வேறு ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டு, பார்க்க வேண்டிய ஃபோல்டரில் இன்றைய ஃபைல்களை மட்டும் வையுங்கள். ஐம்பது ஃபைல் என்றால் விபிஎன்னிலும் ஒரு சுற்று ஒரு வினாடிதான்.